பூட்டை விட்டுவிட்டு ஆளைத் திறப்பவர்கள்: சோஷியல் இன்ஜினியரிங் ஓர் அறிமுகம்

திருநெல்வேலி டவுண். நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு ரத வீதி வழியாக வீட்டுக்கு நடந்து போகிறார் ஒரு வயதான அம்மா. பைக்கில் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஒட்ட வெட்டிய முடி, காக்கி பேன்ட், பளபளக்கும் ஷூ. "அம்மா, கிரைம் போலீஸ். முன்னால தெருவுல இப்பதான் சங்கிலி அறுத்துட்டுப் போயிருக்கான். இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டு நடக்கலாமா? கழட்டிப் பையில வைங்க." அம்மா தயங்குகிறார். அதே நேரம் அந்த வழியே மூன்றாவதாக ஒருவர் வருகிறார். அவரையும் நிறுத்தி அதட்டுகிறார்கள். அவர் மறுபேச்சில்லாமல் மோதிரத்தைக் கழற்றித் தர, அதை ஒரு காகிதத்தில் மடித்து அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். அப்புறம் அம்மாவும் கழற்றுகிறார். அவர் நகையையும் மடித்துத் தருகிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே கூழாங்கல்.

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இந்த மாதிரிச் செய்தியை எத்தனையோ முறை படித்திருப்போம். 'இப்படியுமா ஏமாறுவாங்க!' என்று பக்கத்தைத் திருப்பியும் இருப்போம். கத்தி இல்லை, அடிதடி இல்லை, பூட்டை உடைக்கவில்லை. நகையை அந்த அம்மாவே கழற்றிக் கொடுத்தார். ஒருவருடைய மனப்போக்கைக் கணக்குப்போட்டு, அவர் கையாலேயே கதவைத் திறக்க வைக்கும் இந்த வேலையைத்தான் கணினிப் பாதுகாப்புத் துறையில் சோஷியல் இன்ஜினியரிங் என்கிறார்கள். நகைக்குப் பதில் பாஸ்வேர்டு, ஓடிபி, வங்கிக் கணக்கு. மற்றபடி வேலை ஒன்றுதான்.

அந்த இரண்டு நிமிடத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். போலீஸ் என்ற அதிகாரம் வந்தது. திருடன் பக்கத்தில் இருக்கிறான் என்ற பயம் வந்தது. 'உங்கள் நல்லதுக்குத்தான்' என்ற அக்கறை வந்தது. மூன்றாவது ஆளும் அவர்கள் கூட்டாளிதான்; அவர் கழற்றியதைப் பார்த்ததும் 'எல்லாரும் செய்வதுதானே' என்ற தைரியம் வந்தது. ஆனால் அந்த அம்மாவிடம் ஒரு குறையும் இல்லை. போலீசுக்குக் கட்டுப்படுவது, அக்கறையாகச் சொன்னால் கேட்பது, நாலு பேர் செய்வதைப் பார்த்து நடப்பது எல்லாம் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நல்ல பழக்கங்கள். ஏமாற்றுக்காரன் கைவைப்பது அங்கேதான். அதனால் 'ஏமாளியாக இருக்காதீர்கள்' என்ற அறிவுரையால் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மரியாதை தெரிந்த, உதவும் குணமுள்ள, வேலையைச் சரியாகச் செய்கிற ஆள்தான் இவர்களுக்கு லேசாக மாட்டுகிறார்.

எந்திரத்தை விட்டு ஆளைப் பிடிப்பது ஏன்?

அமெரிக்காவில் கெவின் மிட்னிக் என்று ஒருவர் இருந்தார். 1990-களில் அந்த நாட்டுப் போலீஸ் வலைவீசித் தேடிய ஹேக்கர், 1995-ல் பிடிபட்டார். தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகு, 2000-ஆம் ஆண்டு அமெரிக்க செனட் குழு முன்னால் சாட்சி சொன்னார். ஆட்களிடம் பேசியே காரியம் முடிந்துவிட்டதால், தொழில்நுட்ப வித்தைகளைக் காட்ட வேண்டிய தேவை தனக்கு அபூர்வமாகத்தான் வந்தது என்பது அவர் சொன்னதன் சாரம். மோட்டரோலா நிறுவனத்தின் செல்போன் மென்பொருளை அவர் எடுத்ததும் தொலைபேசியில் பேசித்தான். உள்ளே வேலை பார்க்கிற ஆள் மாதிரிப் பேசினார். எதிர்முனையில் இருந்தவர் சக ஊழியருக்கு உதவுவதாக நினைத்து அனுப்பிவைத்தார்.

வங்காளதேச மத்திய வங்கியின் கதை இன்னும் பெரியது. 2015 தொடக்கத்தில் அந்த வங்கி ஊழியர்கள் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலை கேட்டு ஓர் இளைஞர் எழுதியிருந்தார், பயோடேட்டாவுக்கு இணைப்பும் கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட மின்னஞ்சல்கள் வழியாக உள்ளே நுழைந்தவர்கள் ஓராண்டு பொறுமையாக இருந்து, 2016 பிப்ரவரியில் கிட்டத்தட்ட 95 கோடி டாலரை மாற்ற உத்தரவு அனுப்பினார்கள். பெரும்பகுதி தடுக்கப்பட்டது, 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் திரும்பி வந்தது, 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை 'ஃபாண்டேஷன்' என்று தப்பாக எழுதியதால் ஒரு வங்கிக்குச் சந்தேகம் வந்தது! ஒரு எழுத்துப்பிழை காப்பாற்றிய தொகை அது.

நம் மாவட்டத்திலும் இதை ஒட்டி நினைத்துப் பார்க்க ஒன்று உண்டு. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீங்குநிரல் கண்டுபிடிக்கப்பட்டது. அக்டோபர் கடைசியில் இந்திய அணுமின் கழகமே அதை உறுதிப்படுத்தியது. உலையை இயக்கும் வலையமைப்பு வெளியுலகத்தோடு தொடர்பில்லாமல் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் மனிதர்களை அப்படித் தனியாகப் பிரித்து வைக்க முடியாது. எந்தப் பெரிய நிலையத்தில் வேலை பார்ப்பவரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப் பார்க்கிறார், வேறு வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார். கம்பியை வெட்டிவிடலாம், ஆளுக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பை வெட்ட முடியாது.

மனசு எங்கே வளைகிறது

ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளர், கார் விற்பவர்கள், நன்கொடை கேட்பவர்கள் போன்றோரிடம் பயிற்சிக்கு வந்தவர் மாதிரிச் சேர்ந்து, ஆட்களை எப்படிச் சம்மதிக்க வைக்கிறார்கள் என்று பார்த்தார். 1984-ல் அவர் வகுத்துச் சொன்ன ஆறு வழிகளை இன்றைக்கும் இந்தத் துறையில் பாலபாடமாகச் சொல்கிறார்கள். உதவி செய்தவருக்குத் திருப்பிச் செய்யத் தோன்றுவது, ஒன்றைச் செய்யத் தொடங்கிவிட்டால் அதே வழியில் போவது, பலர் செய்வதைப் பின்பற்றுவது, பிடித்தவர் சொன்னால் கேட்பது, அதிகாரத்துக்குக் கட்டுப்படுவது, கிடைக்காமல் போய்விடுமோ என்று அவசரப்படுவது.

முதலாவதற்கு நம் ஊர் உதாரணம் ஏடிஎம் வாசலில் இருக்கிறது. பென்ஷன் எடுக்க வந்த தாத்தாவுக்கு எந்திரம் பிடிபடவில்லை. பின்னால் நிற்கிற பையன் "கொண்டாங்க தாத்தா, நான் எடுத்துத் தாரேன்" என்கிறான். எடுத்தும் தருகிறான். உதவி செய்த பிள்ளையிடம் கார்டைத் திருப்பி வாங்கும்போது, அது தன் கார்டுதானா என்று முகத்துக்கு நேரே சரிபார்க்க யாருக்கு மனசு வரும்? மாற்றிக் கொடுத்த கார்டோடு தாத்தா வீட்டுக்குப் போகிறார். பின் நம்பரை அவன் ஏற்கனவே பார்த்துவிட்டான்.

அதிகாரத்தைப் பற்றி 1966-ல் வெளியான ஒரு ஆய்வு உண்டு. சார்லஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவரின் குழு செய்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் இரவுப் பணியில் இருந்த 22 நர்ஸ்களுக்கு, அவர்கள் முன்பின் பார்க்காத ஒரு 'டாக்டர்' போன் செய்து, ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொன்னார். மருந்துப் பெட்டியிலோ ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று எழுதியிருந்தது. போனில் சொல்லி மருந்து கொடுக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. 22 பேரில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். வாசலில் ஆய்வாளர்கள் தடுத்தார்கள். (மருந்தும் தீங்கில்லாத போலி.) இதே சூழ்நிலையை வேறு நர்ஸ்களிடம் வாயால் விவரித்து, நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். செய்தி படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பும் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசமில்லை.

ஒரு அழைப்பைப் பிரித்துப் பார்ப்போம்

பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை வைத்துக்கொள்வோம். மகன் பெங்களூருவில். சாயங்காலம் ஏழு மணிக்கு அவருக்கு ஒரு குறுஞ்செய்தி: போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின் அதிகாரியை இந்த எண்ணில் அழைக்கவும். 2022 வாக்கில் நாடு முழுக்கச் சுற்றிய செய்தி இது; மின்வாரியமும் எச்சரிக்கை விட்டது.

நிதானமாகப் படித்தால் ஓட்டைகள் தெரியும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 'போன மாத பில்' என்பது மாதாமாதம் பில் வருகிற ஏதோ ஒரு ஊருக்காக எழுதிய வாசகம். சர்வீஸ் நம்பர் இல்லை. அதிகாரியின் எண் என்று இருப்பது சாதாரண செல்போன் எண். ராத்திரி ஒன்பதரைக்கு ஃபியூஸ் பிடுங்க எந்த லைன்மேன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார்? ஆனால் நிதானமாகப் படிக்க விடாமல் இருப்பதற்குத்தான் அந்த 9.30. ஆபீஸ் மூடியாகிவிட்டது, நேரில் போய்க் கேட்க முடியாது; பதற்றப்பட நேரம் இருக்கிறது, விசாரிக்க நேரம் இல்லை. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தவனின் மூளை கெட்டிக்கார மூளைதான்.

சார் அழைக்கிறார். தானே அழைத்ததால், எதிரில் இருப்பவர் அதிகாரிதான் என்ற நினைப்பு இன்னும் கெட்டிப்படுகிறது.

"தம்பி, நான் பில்லு கட்டியாச்சே. ரசீது இருக்கு."

"இருக்கும் சார், நீங்க கட்டலைன்னு சொல்லலையே. சிஸ்டத்துல ஏறலை. இன்னைக்கு நிறைய பேருக்கு இப்படி ஆயிருக்கு. பத்து ரூபா அனுப்புங்க, அப்டேட் ஆயிரும்."

"எனக்கு அதெல்லாம் சரியா வராதே."

"நான் இருக்கேன்ல சார், கூடவே இருந்து சொல்றேன். லைன்லயே இருங்க. முதல்ல ஒரு ஆப் இறக்கிக்கோங்க."

ஒரு இடத்தில்கூட அவன் எதிர்த்துப் பேசவில்லை. 'நிறைய பேருக்கு' என்று சொல்லிக் கூச்சத்தைப் போக்கினான். உதவிக்கு வந்தான். 'லைன்லயே இருங்க' என்று மகனை அழைக்க முடியாமல் பண்ணினான். இறக்கச் சொன்ன ஆப், போன் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவுவது. அந்த மாதிரி ஆப்கள் சட்டப்படி இயங்குபவைதான், கணினி பழுதுபார்ப்பவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இப்போது சார் தட்டச்சு செய்கிற கார்டு எண்ணும் வருகிற ஓடிபியும் அவனுக்கும் தெரியும்.

பத்து ரூபாய் எதற்கு? 1966-லேயே ஃப்ரீட்மேன், ஃப்ரேசர் என்ற இருவர் கலிபோர்னியாவில் இதைச் சோதித்தார்கள். 'கவனமாக ஓட்டவும்' என்ற அசிங்கமான பெரிய பலகையை வீட்டு முன்னால் நட அனுமதி கேட்டபோது, நூற்றுக்கு 17 பேர்தான் சம்மதித்தார்கள். இரண்டு வாரம் முன்னால் அதே விஷயத்தைச் சொல்லும் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டச் சம்மதித்திருந்த வீடுகளில் 76 பேர் சம்மதித்தார்கள். சின்னதாக ஒன்றைச் செய்துவிட்ட மனசு, பெரியதற்கு இல்லை என்று சொல்லச் சங்கடப்படுகிறது.

கேமராவை அணைக்காதே என்று ஏன் சொல்கிறார்கள்

'டிஜிட்டல் அரெஸ்ட்' பற்றி இப்போது எல்லாருக்கும் ஓரளவு தெரியும். உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள் வந்திருக்கிறது என்று தொடங்கி, வீடியோவில் சீருடையோடு ஒருவர் தோன்றி, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆளை அறையிலேயே உட்கார வைத்துப் பணத்தைக் கறப்பார்கள். சட்டத்தில் இப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். 2025 அக்டோபரில், தன் பெயரிலேயே போலி உத்தரவு தயாரித்து ஒரு முதிய தம்பதியை ஏமாற்றியதைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961-ல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில், ஆய்வாளர் அறையில் நின்று 'தொடருங்கள்' என்று சொன்னபோது 40 பேரில் 26 பேர் மற்றொருவருக்கு 450 வோல்ட் வரை மின்சாரம் கொடுப்பதாக நம்பிக்கொண்டே போனார்கள். ஆய்வாளர் வெளியே போய் தொலைபேசியில் உத்தரவிட்டபோது அது ஐந்தில் ஒருவர் அளவுக்கு விழுந்தது. அதிகாரி கண் முன்னால் இல்லையென்றால் பிடி தளர்கிறது. கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்று இந்தக் கும்பல்கள் அடம்பிடிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு மைனி ஒரு தடவை எட்டிப்பார்த்து "என்னாச்சு?" என்று கேட்டால் கலைந்துவிடுகிற மயக்கம் அது. நாலு பேர் வந்துபோகிற வீட்டில் இந்த வித்தை எடுபடுவது கஷ்டம்.

அந்தப் பக்கம் பேசுபவர் யார் என்பதும் சிக்கலான விஷயம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவதிப் பகுதியில் அடைக்கப்பட்டு, மோசடி அழைப்புகள் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டு வந்தார்கள். அவர்களையும் ஒருவன் இதே முறையில்தான் ஏமாற்றினான். 'உன் அக்கவுண்ட் சும்மாதானே கெடக்கு, கமிஷன் தாரேன்' என்ற பேச்சில் மயங்கிக் கணக்கை வாடகைக்கு விடுகிற கல்லூரிப் பையன்களும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. திருட்டுப் பணம் அவன் கணக்கு வழியாகப் போகிறது. போலீஸ் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவை.

முதலாளி பெயரைச் சொன்னால்

அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலை. கணக்குப் பார்க்கிற பையனுக்கு முதலாளியின் படம் போட்ட புது எண்ணிலிருந்து வாட்ஸ்அப்: 'மீட்டிங்கில் இருக்கேன், பேச முடியாது. இந்த அக்கவுண்டுக்கு உடனே நாலு லட்சம் போடு.' அண்ணாச்சியைத் திருப்பிக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத பையன் என்ன செய்வான்? இது சின்னக் கடைகளின் பிரச்சினை மட்டுமில்லை. லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமசௌஸ்கஸ் என்பவர், கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் பொருள் விற்கிற தைவான் நிறுவனம் ஒன்றின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனி பதிவு செய்து, 2013 முதல் 2015 வரை அந்த இரண்டுக்கும் பில் அனுப்பினார். அவர்களும் 10 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். 2019-ல் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை. 2024-ல் அரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகளைப் பார்த்துப் பேசிய பிறகே 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற முகங்கள் எல்லாம் கணினி உருவாக்கியவை.

இதற்கு மருந்து முதலாளியிடம்தான் இருக்கிறது. 'என் பேரைச் சொல்லி யார் பணம் கேட்டாலும், என் பழைய நம்பருக்குப் போட்டுக் கேளு. நான் தூங்கினாலும் எழுப்பிக் கேளு, வைய மாட்டேன்' என்று அவர் வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொன்னபடி ஒருநாள் எழுப்பினால் வையாமலும் இருக்க வேண்டும். சந்தேகப்பட அனுமதி இல்லாத இடத்தில் எந்தப் பயிற்சி வகுப்பும் உதவாது.

வீட்டிலும் அப்படித்தான். சந்தேகம் வந்தாலும் முகத்தில் அடித்த மாதிரிப் பேச நமக்கு வராது. வர வேண்டாம். தரகர்களையும் சீட்டுக்காரர்களையும் தள்ளிப்போட நாம் சொல்கிற அதே "வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன்" போதும். போனை வைத்துவிட்டு, நாமே எடுத்த எண்ணில் திரும்ப அழைக்க வேண்டும். கார்டின் பின்னால் இருக்கிற எண், பாஸ்புக்கில் இருக்கிற எண், டைரியில் எழுதிய எண். இணையத்தில் 'கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கிற எண்ணை நம்பாதீர்கள், போலி எண்களைப் போட்டு வைத்திருப்பார்கள். யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான் தேவை, பணம் வாங்கத் தேவையில்லை. பணம் வர வேண்டுமென்றால் பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ டிராஃபிக் அபராதம் என்றோ வருகிற கோப்பு 'ஏபிகே' என்று முடிந்தால் அது ஆப், திறக்க வேண்டாம். மகன் குரலில் யாராவது அழுதுகொண்டே பணம் கேட்டால், ஆச்சி அவனைக் கூப்பிடுகிற பட்டப்பெயரைக் கேளுங்கள். ஃபேஸ்புக்கில் இல்லாத பெயராக இருக்கட்டும்.

பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். இது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். அங்கே தகவல் போனதும் வங்கிகள் பணம் போன கணக்குகளை அடுத்தடுத்து முடக்க முயற்சி செய்கின்றன. வேறு கணக்குகளுக்குத் தாவுமுன் அல்லது எடுக்கப்படுமுன் பிடித்தால்தான் உண்டு. வெட்கப்பட்டு ஒரு ராத்திரி யோசிப்பதில் போகிறது அந்த நேரம். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு இழப்பில்லை. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது நம் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எந்த வங்கிக் கணக்கு என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரை பார்க்கும் ஆப் இன்னும் போனில் இருந்தால், முதலில் அந்தப் போனின் இணையத்தை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழையுங்கள். வந்த செய்திகளையும் எண்களையும் அழித்துவிடாதீர்கள். சைபர் கிரைம் காவல் நிலையத்தில் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.